மன்னிப்பு எங்கே நிற்கிறது? தவறும் ஆன்மிக வளர்ச்சியும் பற்றிய கிறித்தவப் பார்வை: ஓர் எளிய விளக்கம்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கிறித்தவர்கள் எண்ணிக்கையில் சிறிய சமூகமே. ஆயினும் கோவிலூர், எலத்தகிரி, பி. பள்ளிப்பட்டி போன்ற ஊர்களில் தலைமுறைகளாக வாழும் கத்தோலிக்கக் குடும்பங்களாலும், 1895-இல் கிருஷ்ணகிரியில் லுத்தரன் மிஷனெரிகள் தொடங்கிய பணியின் வழிவந்த சபைகளாலும், அண்மைக் காலத்தில் பெருகியுள்ள பெந்தெகொஸ்தே ஜெபவீடுகளாலும், பாவம், மன்னிப்பு, மனந்திரும்புதல் என்னும் சொற்கள் பிற சமயத்தார் காதிலும் அடிக்கடி விழுகின்றன. காதில் விழும் அளவுக்கு அவை விளங்குவதில்லை என்பதே இக்கட்டுரைக்குக் காரணம்.

மூன்று விதமான பேச்சை நம் பக்கத்தில் மீண்டும் மீண்டும் கேட்கலாம். ‘ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போய்ச் சொல்லிட்டா எல்லாம் சரியாப் போச்சா?’ என்று பக்கத்து வீட்டார் கேட்பது ஒன்று. ‘ஆண்டவர் என்னை மன்னிச்சிட்டார், இனி யாரும் அதைப் பத்திக் கேக்கக் கூடாது’ என்று தவறு செய்தவர் சொல்வது மற்றொன்று. ‘நான் செஞ்ச பாவம்தான் பிள்ளை தலையில விடியுது’ என்று ஒரு தாய் வெளியில் சொல்லாமல் மனத்துக்குள் வைத்துப் புழுங்குவது மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை போலத் தோன்றினாலும், தவறு, மன்னிப்பு, வளர்ச்சி ஆகியவற்றின் வரிசையைத் தவறாகப் புரிந்துகொண்டதிலிருந்தே மூன்றும் பிறக்கின்றன. அந்த வரிசையை, இறையியல் படிக்காத ஒருவருக்கும் விளங்கும்படி எடுத்துச் சொல்வதே இங்கு நோக்கம்.

பிழை வேறு, பாவம் வேறு

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது 1989-இல் தருமபுரி மாவட்டத்தில்தான். அப்போது கிருஷ்ணகிரியும் அதே மாவட்டத்தில் இருந்தது. ஆதலால் குழுக் கணக்கைக் கொண்டு இதை விளக்கினால் இங்குள்ள எவருக்கும் எளிதாகப் புரியும். ஒரு குழுவின் ஊக்குநர் மாதச் சேமிப்பைக் கூட்டும்போது ஓர் எண்ணை மாற்றி எழுதிவிடுகிறார். ரொக்கப் புத்தகத்தில் ஐந்நூறு ரூபாய் குறைகிறது. இது பிழை. அறியாமையாலோ கவனக்குறைவாலோ நேர்ந்ததைத் திருத்தினால் போதும். அதற்காக மனச்சாட்சி உறுத்த வேண்டியதில்லை. இன்னொரு குழுவில், ஊக்குநர் தம் வீட்டுக் கடனை அடைக்கக் குழுப் பணத்தில் ஐந்நூறு ரூபாயைத் தெரிந்தே எடுத்துக்கொண்டு, வசூலாகவில்லை என்று எழுதுகிறார். தொகை ஒன்றுதான், ஆனால் இது பாவம். கடவுள் காட்டிய நன்மையை அறிந்திருந்தும், விருப்பத்தோடு அதற்கு மாறாக நடந்து, கடவுளோடும் அயலாரோடும் உள்ள உறவை முறிப்பதையே கிறித்தவம் பாவம் என்கிறது.

இந்த வேறுபாடு பிற்காலத்தில் யாரோ கண்டுபிடித்த சமாதானமன்று. பழைய ஏற்பாட்டின் லேவியராகமமே அறியாமையினால் செய்ததற்குத் தனி முறைமை வகுக்கிறது. கத்தோலிக்கப் போதனையில், கடவுளோடுள்ள உறவை அடியோடு முறிக்கும் சாவான பாவம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், காரியம் கனமானதாக இருக்க வேண்டும், அது தவறென்று முழுமையாக அறிந்திருக்க வேண்டும், முழு மனத்தோடு இசைந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் சேராதபோது அந்தப் பெயரைச் சூட்டுவதில்லை. எதைத் தொட்டாலும் பாவம் என்று பிள்ளைகளை அச்சுறுத்தி வளர்ப்பவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. பணம் எடுக்கப்பட்டது தெரிந்தும், நமக்கேன் வம்பு என்று மற்ற உறுப்பினர்கள் வாய்மூடி இருந்தார்களானால், அவர்கள் எதையும் செய்யவில்லை என்றாலும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. ‘நன்மைசெய்ய அறிந்தவனாயிருந்தும், அதைச் செய்யாமற்போனால், அது அவனுக்குப் பாவமாயிருக்கும்’ என்பது புதிய ஏற்பாட்டில் உள்ள யாக்கோபு நிருபத்தின் (கடிதத்தின்) வாசகம். என் கருத்தில், நம் சபைகளில் மிகக் குறைவாக அறிக்கையிடப்படும் பாவம் இந்தச் செய்யாமையே.

சுருங்கச் சொன்னால், பிழை அறிவின் குறை, திருத்தினால் தீரும். பாவம் விருப்பத்தின் திசை. அதைத் திருத்துவதற்கு வேறொன்று தேவைப்படுகிறது. அது என்னவென்று பின்னர் பார்ப்போம்.

துன்பமெல்லாம் தண்டனையா?

இதில் நீண்ட விளக்கம் தேவையில்லை; இயேசுவே நேரடியாக விடை கூறியிருக்கிறார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்ட சீடர்கள், இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று கேட்டபோது, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்றார் (யோவான் 9). சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைப் பற்றிய பேச்சிலும், அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அந்த எண்ணத்தை மறுத்தார் (லூக்கா 13).

தவறுக்கு விளைவு உண்டு என்பது வேறு செய்தி. குடித்துக் குடித்துக் கல்லீரல் கெட்டால் அது குடியின் விளைவு. ஆனால் ஒரு குழந்தையின் காய்ச்சலையோ, மழை பொய்த்து ராகி கருகியதையோ காட்டி, இது இன்ன பாவத்துக்குக் கடவுள் தந்த கூலி என்று கணக்குப் போடும் அதிகாரம் எந்தப் போதகருக்கும் எந்த மூதாட்டிக்கும் தரப்படவில்லை. துக்க வீட்டில் அப்படிச் சொல்பவர் வேதத்துக்கு மாறாகச் சொல்கிறார்.

குற்ற உணர்வும் மனந்திரும்புதலும்

நான் இதைச் செய்துவிட்டேனே என்று மனம் தன்னையே சுடுவது குற்ற உணர்வு. அது கெட்டதன்று, உடலில் வலி இருப்பது போல மனச்சாட்சி உயிரோடிருப்பதற்கு அது அடையாளம். ஆனால் குற்ற உணர்வு தானாகவே யாரையும் நல்லவராக்குவதில்லை. மனந்திரும்புதல் என்பது, செய்தது தவறென்று ஒப்புக்கொண்டு, அதைவிட்டுத் திரும்பி, கடவுளை நோக்கி நடக்கத் தொடங்குவது. முதலாவதில் நாம் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். இரண்டாவதில் பார்வை இன்னொருவர் பக்கம் திரும்புகிறது. தொடக்கத் திருச்சபையின் அப்போஸ்தலரான பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், ‘தேவனுக்கேற்ற துக்கம்’ என்றும் ‘லௌகிக துக்கம்’ என்றும் இரண்டைப் பிரித்து, முன்னது மனந்திரும்புதலையும் பின்னது மரணத்தையும் உண்டாக்குகிறது என்கிறார்.

இந்த வேறுபாட்டை நற்செய்தி நூல்கள் இரண்டு மனிதர்களைக் கொண்டு காட்டுகின்றன. இயேசுவின் சீடர்களான யூதாஸும் பேதுருவும் ஒரே இரவில், ஒரே ஆண்டவருக்கு எதிராகத் தவறியவர்கள். யூதாஸ் வருந்தவே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். மத்தேயு 27-ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படித்தால் அப்படியில்லை என்பது தெரியும். அவன் மனஸ்தாபப்பட்டான். குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்துப் பாவஞ்செய்தேன் என்று வாய்விட்டுச் சொன்னான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுக்கவும் முயன்றான். வருத்தம், அறிக்கை, பணத்தைத் திருப்புதல் ஆகிய மூன்றும் அவனிடம் இருந்தன. ஆனால் அவன் போனது பிரதான ஆசாரியரிடமும் மூப்பரிடமும். ‘எங்களுக்கென்ன, அது உன்பாடு’ என்று அவர்கள் கைவிரித்தார்கள். மன்னிக்க மனமில்லாதவர்களிடம் தன் பாவத்தைக் கொண்டுபோனவன், மன்னிக்கக்கூடியவரிடம் போகவில்லை; தனக்குத் தானே தீர்ப்பெழுதிக்கொண்டான். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம், உடைந்து வந்த மனிதனை ‘அது உன்பாடு’ என்று திருப்பியனுப்பும் சமயத் தலைவர்களின் குற்றமும் என் கண்ணில் படுகிறது. தற்கொலை செய்துகொண்டவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக் கூடாது என்றே இன்றைய கத்தோலிக்கத் திருச்சபை கற்பிக்கிறது என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிட வேண்டும். துயரத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு யூதாஸை உவமை காட்டுவது கொடுமை.

பேதுரு, இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தார், மனங்கசந்து அழுதார். அவர் உயர்ந்தவர் என்பதால் மீண்டாரா? லூக்கா 22-ஆம் அதிகாரம் வேறொரு காரணம் கூறுகிறது. மறுதலிப்பு நடப்பதற்கு முன்பே, ‘நான் உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்’ என்று இயேசு சொல்லிவிட்டார்; அதோடு, நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து என்று பிற்காலப் பணியையும் கொடுத்துவிட்டார். விழுவதற்கு முன்பே எழுவதற்கான வழி வைக்கப்பட்டிருந்தது. பின்னர்க் கலிலேயாக் கரையில் உயிர்த்த ஆண்டவர், ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை. என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்டார்.

இதுவரை கண்டதன்படி, குற்ற உணர்வு கதவைத் தட்டுகிறது; ஆனால் யாருடைய கதவைத் தட்டுகிறோம் என்பதே மனந்திரும்புதலைத் தீர்மானிக்கிறது.

மன்னிப்பு முன்னே, வளர்ச்சி பின்னே

மையமான செய்திக்கு இப்போது வருகிறோம். பெரும்பாலோர் நினைக்கும் வரிசை இது: முதலில் நான் திருந்த வேண்டும், பிறகு நல்லவனாக வாழ்ந்து காட்ட வேண்டும், அதைப் பார்த்துக் கடவுள் மன்னிப்பார். நற்செய்தி கூறும் வரிசை தலைகீழானது. ‘நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார்’ என்கிறார் பவுல். தகுதியில்லாதபோதும் கடவுள் தாமாக முன்வந்து தரும் இந்தத் தயவை லுத்தரன் முதலான சீர்திருத்தச் சபையார் கிருபை என்றும் கத்தோலிக்கர் அருள் என்றும் அழைக்கிறார்கள்.

போச்சம்பள்ளிப் பக்கம் சந்தூரில் மாங்கன்று வளர்ப்பவர்கள் செய்வதைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். கொட்டை போட்டு முளைத்த மாஞ்செடி எந்தப் பழத்தைத் தரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் அந்த நாற்றின் தலையைச் சீவி, நல்ல மல்கோவாவிலிருந்தோ அல்போன்சாவிலிருந்தோ எடுத்த குச்சியைப் பொருத்தி, பாலித்தீன் நாடாவால் இறுகக் கட்டுகிறார்கள். ஒட்டுப் பிடித்துவிட்டால் அன்றிலிருந்து அதன் பெயர் மல்கோவாக் கன்று. சந்தையில் அப்படித்தான் விற்கிறார்கள், வாங்குபவரும் அப்படித்தான் வாங்குகிறார். அதில் ஒரு பழம்கூட இன்னும் காய்க்கவில்லை. இருந்தும் அந்தப் பெயர் பொய்யில்லை. காய்ப்பதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். முதல் ஆண்டுகளில் வரும் பூவைக்கூடக் கிள்ளிவிட வேண்டும் என்பார்கள்.

ஒட்டுப் பிடிப்பதைப் போன்றது நீதிமானாக்கப்படுதல்: கிறிஸ்துவை நம்பும் மனிதரைக் கடவுள் தம்மோடு சரியான உறவில் இருப்பவராக ஏற்றுக்கொள்வது. அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் நடைபெறுவது பரிசுத்தமாகுதல்: ஏற்றுக்கொள்ளப்பட்டவரின் பழக்கமும் விருப்பமும் குணமும் தூய ஆவியாரின் செயலால் மெல்ல மெல்லக் கிறிஸ்துவின் சாயலுக்கு மாறுவது. பழம் காய்த்துக் காட்டினால்தான் ஒட்டுக் கட்டுவேன் என்று எந்தத் தோட்டக்காரரும் நாற்றிடம் சொல்வதில்லை. அதே வேளையில், பத்தாண்டுகள் ஆகியும் நல்ல பழம் ஒன்றும் வராத மரத்தைப் பார்த்து ஒட்டு உண்மையில் பிடித்ததா என்று சந்தேகிக்கவும் செய்வார்.

இந்த உவமையில் நான் மிகவும் முக்கியமாகக் கருதும் பகுதி இன்னொன்று. ஒட்டுக்குக் கீழே, நாட்டு வேர்ச்செடியிலிருந்து துளிர் கிளம்பிக்கொண்டே இருக்கும். அது செழிப்பாகவும் விரைவாகவும் வளரும். பார்க்காமல் விட்டால் மேலேயுள்ள நல்ல கிளை நலிந்து, மரம் பழைய குணத்துக்கே போய்விடும். ஆகவே துளிர் தெரியும்போதெல்லாம் கிள்ளிவிட வேண்டும். துளிர் கிளம்பியதைக் கண்டு ஒட்டு வீணாகிவிட்டதென்று யாரும் கன்றைப் பிடுங்கி எறிவதில்லை. வேர் உயிரோடிருக்கும்வரை அது கிளம்பத்தான் செய்யும்.

பேதுருவின் வாழ்க்கையிலேயே இதைக் காணலாம். அவர் மறுதலித்ததற்கு அடியில் இருந்தது, பிறர் என்ன நினைப்பார்களோ என்னும் அச்சம். மன்னிக்கப்பட்டு, பெந்தெகொஸ்தே நாளில் ஆவியைப் பெற்று, ஆயிரக்கணக்கானோர் முன் துணிந்து பேசியவர் அவர். பல ஆண்டுகளுக்குப் பின் அந்தியோகியாவில், யூதரல்லாத விசுவாசிகளோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்ததாகக் கலாத்தியர் நிருபத்தின் 2-ஆம் அதிகாரம் கூறுகிறது. அதே வேர், அதே துளிர். சேர்ந்து உண்ண மறுப்பது எவ்வளவு பெரிய காயம் என்பதை நம் மாவட்டத்தாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. திருமுழுக்குப் பெற்று மூன்று தலைமுறை ஆன பிறகும் சாதி பார்த்துப் பெண் கொடுப்பதையும், தனித்தனியே உட்காருவதையும் பாவமென்று அறிக்கையிடாமல் விட்டிருக்கும் நாம், இந்த அதிகாரத்தை நமக்காக எழுதப்பட்டதாகவே படிக்க வேண்டும். கண்டிக்கப்பட்ட பேதுரு அப்போஸ்தலராகவே நீடித்தார் என்பதும், அவருடைய தவறு மூடி மறைக்கப்படாமல் வேதத்திலேயே எழுதப்பட்டது என்பதும் சேர்ந்தே நிற்கின்றன.

உவமைக்கு ஓர் எல்லை உண்டு. மரத்துக்கு விருப்பம் கிடையாது, மனிதருக்கு உண்டு. அதனால் தோட்டக்காரர் பார்த்துக்கொள்வார் என்று சும்மா இருக்க நமக்கு வழியில்லை. கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா என்று ரோமர் நிருபத்தில் கேள்வி எழுப்பும் பவுல், ‘கூடாதே’ என்று ஒரே சொல்லில் முடிக்கிறார். அவரே அடுத்த அதிகாரத்தில், ‘நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்’ என்னும் மனிதப் போராட்டத்தையும் மறைக்காமல் எழுதுகிறார்.

1517-இல், லுத்தரன் சபைகளுக்கு வழிவகுத்த மார்ட்டின் லுத்தர் வெளியிட்ட தொண்ணூற்றைந்து கருத்துரைகளில் முதலாவது, விசுவாசியின் வாழ்க்கை முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டுமென்று கிறிஸ்து விரும்பினார் என்பதாகும். மனந்திரும்புதல் ஒரு நாள் நிகழ்ச்சியாக முடிந்துவிடுவதில்லை என்பதே அதன் பொருள். நீதிமானாக்கப்படுதலைப் பற்றி ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் பிரிந்து நின்ற கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும், 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. நம்முடைய தகுதியால் அல்லாமல் அருளால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார், தூய ஆவியார் நம் இதயத்தைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு ஆயத்தப்படுத்துகிறார் என்று இரு தரப்பும் சேர்ந்து அறிக்கையிட்டன. 2006-இல் உலக மெதடிஸ்டுப் பேரவையும் அதில் இணைந்தது. எலத்தகிரியில் திருப்பலிக்குப் போகிறவருக்கும் கிருஷ்ணகிரியில் லுத்தரன் ஆராதனைக்குப் போகிறவருக்கும் இந்த அடிப்படை பெரிதும் பொதுவானது என்பது நம் ஊர்களில் இன்னும் போதிய அளவு எடுத்துச் சொல்லப்படவில்லை.

இப்பகுதியின் சாரம் இது: மன்னிப்பு வளர்ச்சிக்குக் கிடைக்கும் கூலியாக இறுதியில் வருவதில்லை, வளர்ச்சி தொடங்குவதற்கே அது முன்னதாகத் தரப்படுகிறது.

அறிக்கையிடுதல்: சபைக்குச் சபை முறை

செய்ததைச் செய்தேன் என்று கடவுள் முன் ஒளிக்காமல் சொல்வது பாவ அறிக்கை. ‘நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னிக்க அவர் உண்மையும் நீதியும் உள்ளவர்’ என்னும் யோவானின் முதல் நிருபக் கருத்தை எல்லாச் சபைகளும் ஏற்கின்றன, முறைதான் வேறுபடுகிறது.

விழுந்தவர் திரும்பி வரலாமா என்னும் கேள்வி திருச்சபையை மிகத் தொடக்கத்திலேயே உலுக்கியது. 250-இல் உரோமைப் பேரரசன் தேசியு, எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டுமென்று ஆணையிட்டபோது, உயிருக்கு அஞ்சிப் பல கிறித்தவர்கள் பலியிட்டனர். கொடுமை ஓய்ந்ததும் அவர்கள் அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். நோவாசியன் என்னும் குரு அவர்களைச் சேர்க்கவே கூடாது என்றார். கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியானும் மற்றவர்களும், உரிய தவ முயற்சிக்குப் பின் சேர்த்துக்கொள்ளலாம் என்று 251-இல் முடிவு செய்தனர். திருச்சபை இந்த இரண்டாவது வழியையே தேர்ந்தது. அன்று எடுத்த முடிவால்தான் இன்றும் விழுந்தவருக்கு வாசல் திறந்திருக்கிறது.

கத்தோலிக்கர் குருவிடம் தனியே அறிக்கையிடுவதை ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள். பெரியவர்கள் இன்னும் பாவசங்கீர்த்தனம் என்றே சொல்வார்கள். தொடக்கக் காலத்தில் தவம் பெரும்பாலும் பொதுவில் நடந்தது. தனி அறிக்கை ஐரிஷ் துறவிகள் வழியாகப் பரவியது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அறிக்கையிட வேண்டுமென்று 1215-இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் விதித்தது. உண்மையான மனஸ்தாபம், அறிக்கை, பரிகாரம் ஆகிய மூன்றும் அறிக்கையிடுபவரின் பங்கு. மனஸ்தாபம் இல்லாமல் வாயால் மட்டும் சொல்லிவிட்டு வருவது செல்லாது என்பதே கத்தோலிக்கப் போதனை. ஆகவே, சொல்லிவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்கும் பக்கத்து வீட்டாருக்கு நேர்மையான பதில், இல்லை என்பதுதான்.

லுத்தரன் சபைகளில் ஆராதனைத் தொடக்கத்தில் எல்லாரும் சேர்ந்து அறிக்கையிடுவது வழக்கம். போதகரிடம் தனியே அறிக்கையிடவும் இடம் உண்டு. பெந்தெகொஸ்தே சபைகளில் நேரடியாகக் கடவுளிடம் சொல்லும் ஜெபமும், பழைய வாழ்க்கையைப் பற்றிச் சபை முன் சாட்சி சொல்வதும் சிறப்பிடம் பெறுகின்றன. சாட்சி பலருக்குத் தைரியம் தருவது உண்மை. ஆனால் அதில் மனைவியின் பெயரும் பிள்ளைகளின் மானமும் சேர்ந்து மேடையேறிவிடுகின்றன என்பதால், எதைச் சொல்வது, எதை விடுவது என்பதில் மிகுந்த கவனம் தேவை.

மன்னிக்கப்பட்டவர் திரும்பக் கொடுக்க வேண்டுமா?

ஆம். இதில் எந்தச் சபைக்கும் ஐயமில்லை. பிறருக்குச் செய்த நட்டத்தை இயன்றவரை நேராக்குவது ஈடுசெய்தல். குழுப் பணத்தை எடுத்தவர் கண்ணீரோடு ஜெபித்தார் என்பதற்காக ஐந்நூறு ரூபாய் பாஸ்புத்தகத்தில் தானாக ஏறிவிடாது. காணிக்கை படைக்க வந்தவன், சகோதரனுக்குத் தன்பேரில் குறையுண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்பது இயேசுவின் மலைப்பொழிவு.

சகேயுவின் வரலாற்றிலும் வரிசையைக் கவனிக்க வேண்டும். எரிகோவின் வரி வசூல் தலைவனான அவன் மரத்தில் இருந்தபோதே, இன்று உன் வீட்டில் தங்க வேண்டும் என்று இயேசு சொல்லிவிட்டார். ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பேன், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்துவேன் என்று அவன் சொன்னது அதன் பிறகு. ஏற்றுக்கொள்ளப்பட்டதை விலைக்கு வாங்க அவன் கொடுக்கவில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்டதால் கொடுக்க முடிந்தது.

மன்னிப்பு வேறு, நம்பிக்கை திரும்புவது வேறு என்பதையும் இங்கே பிரித்தறிய வேண்டும். பணம் எடுத்த ஊக்குநரைக் குழு மன்னிக்கலாம். அடுத்த மாதமே பணப்பெட்டிச் சாவியை அவரிடம் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பவுலோடும் அவருடைய உடன் ஊழியர் பர்னபாவோடும் பயணம் சென்ற மாற்கு என்னும் யோவான், பம்பிலியாவில் பணியைப் பாதியில் விட்டுப் போனார். அடுத்த பயணத்துக்கு அவரைச் சேர்த்துக்கொள்ளப் பவுல் மறுத்தார். அதனால் பவுலும் பர்னபாவும் கடுமையாக முரண்பட்டுப் பிரிந்தார்கள். பர்னபா அவரைத் தம்மோடு சீப்புருத் தீவுக்கு அழைத்துப்போனார். பல ஆண்டுகள் கழிந்த பின், சிறையில் இருந்த பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகையில், மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். நம்பிக்கை திரும்ப அத்தனை காலம் பிடித்தது; இடையில் அவரை விட்டுவிடாத ஒரு பர்னபாவும் தேவைப்பட்டார்.

இந்த வேறுபாடு புரியாததால் விளையும் தீங்கு பெரிது. அடிக்கும் கணவனிடம், மன்னித்து வாழு என்று மனைவியைத் திருப்பி அனுப்புவதும், குழந்தைக்குத் தீங்கு செய்தவரின் குற்றத்தை, சபையின் மானம் கருதி ஜெபத்தோடு முடித்துக்கொள்வதும் கிறித்தவ மன்னிப்பு ஆகாது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கடமை. கடவுள் மன்னித்தார் என்று சொல்பவர் சட்டத்தின் முன் நின்று பதில் சொல்லத் தயாராக இருப்பதே அவருடைய மனந்திரும்புதலுக்கு முதல் சான்று.

அன்றாடம் செய்யத்தக்கதும் அளவுமீறலும்

வளர்ச்சிக்கு என்ன செய்வது என்று கேட்போருக்கு, இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் பரிந்துரைத்த ஆன்ம சோதனை எளிய தொடக்கம். நாளின் முடிவில் சற்று நேரம் அமர்ந்து, முதலில் அன்று கிடைத்த நன்மைகளுக்கு நன்றி கூறி, உண்மையைக் காண ஒளி வேண்டி, அந்த நாளை ஒவ்வொரு வேளையாக நினைத்துப் பார்த்து, தவறியவற்றுக்கு மன்னிப்புக் கேட்டு, நாளைக்கு ஒரு தீர்மானம் எடுப்பது. நன்றியில் தொடங்குவது தற்செயலானதன்று. அன்பு செய்யப்பட்டவராக அமர்ந்து பார்ப்பவரால்தான் தம் குறையை அஞ்சாமல் பார்க்க இயலும்.

இதை அளவுமீறிச் செய்து துன்புறுவோரும் உண்டு. மன்னிக்கப்பட்டதை நம்ப முடியாமல், பாவமில்லாததையும் பாவமென்று எண்ணி, சொன்னதையே மீண்டும் மீண்டும் அறிக்கையிடும் நிலைக்கு மனச்சாட்சிக் கிலேசம் என்று பெயர். லுத்தரும் இஞ்ஞாசியாரும் ஒரே காலத்தவர். திருச்சபை வரலாற்றில் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்துப் பேசப்படுபவர்கள். ஆனால் இந்தத் துன்பத்தை இருவருமே அனுபவித்தார்கள். இளந்துறவியாக இருந்த லுத்தர் மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்தும் அமைதி காணவில்லை. கடவுளின் நீதி நம்பிக்கையால் பெறும் கொடை என்று ரோமர் நிருபத்தில் கண்டபோதே அவருக்கு விடிவு பிறந்தது. இஞ்ஞாசியார் மன்ரேசாவில் தங்கியிருந்த மாதங்களில், அறிக்கையிட்ட பழைய பாவங்களையே திரும்பத் திரும்ப நினைத்து, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை போனார். இந்த நினைவுகள் கடவுளிடமிருந்து வரவில்லை என்று தெளிந்த பின், பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று உறுதி செய்துகொண்டார்.

இத்தகைய கிலேசத்தில் இருப்பவருக்கு இன்னும் கடுமையான உபவாசமும் இன்னும் நீண்ட ஜெபமும் சொல்வது பழுதைப் பெருக்கும். அவர் ஒரே குருவையோ ஒரே போதகரையோ தேர்ந்து, அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, மன்னிக்கப்பட்டது என்று அவர் சொன்னதை மீண்டும் கிளறாமல் இருப்பதே பழைய ஆன்ம வழிகாட்டிகள் தந்த மருந்து. தூக்கமும் உணவும் கெட்டு, அன்றாட வேலை நின்றுபோகும் அளவுக்குப் போனால் அது மருத்துவம் பார்க்க வேண்டிய நோய். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். 14416 என்னும் டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமில்லாமல் பேசலாம். மருத்துவரிடம் போவதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லலாம்.